ஊரே இல்லாத தொகுதி: ஓல்ட் சாரத்தின் உறுப்பினர் வரலாற்றைத் தேடிப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் ஒரு மேடு இருக்கிறது. புல் மண்டிய அந்த மேட்டில் 1831 இல் குடியிருந்த வாக்காளர் என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் லண்டனில் இருந்த காமன்ஸ் சபைக்கு அது இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. அதே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த மான்செஸ்டருக்குத் தனியாக ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது.

மேட்டின் பெயர் ஓல்ட் சாரம். ‘பரோ’ என்றால் சபைக்கு உறுப்பினர் அனுப்பும் உரிமை பெற்ற ஊர். நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் ‘ராட்டன் பரோ’ (அழுகிய தொகுதி), ‘பாக்கெட் பரோ’ (ஒரே பிரபுவின் சட்டைப்பைக்குள் இருக்கும் தொகுதி) என்று இரண்டு வரியில் கடந்துபோன விஷயத்துக்கு உலகமே காட்டும் உதாரணம் இதுதான். பழைய ஆங்கிலத் தொகுதி ஒன்றின் வரலாற்றையும் அதன் உறுப்பினர்களையும் முறையாகத் தேடிப் படிக்க விரும்புகிறவர் இதிலிருந்து தொடங்கலாம். தொகுதி சிறியது, ஆவணங்கள் கிடைக்கின்றன, சென்னையின் சரித்திரமும் இதற்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தொடங்குமுன் ஒன்று. நான் முதன்முதலில் இப்படி ஒரு தொகுதியைப் படிக்க உட்கார்ந்தபோது உறுப்பினர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வாசித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. பெயர்கள் வந்தன, போயின. அந்த மண் யார் கையில் இருந்தது என்று தேடத் தொடங்கிய பிறகே பட்டியல் பேசியது. கீழே வரும் படிகளின் வரிசை அந்த அனுபவத்தில் உருவானது.

படி 1: எந்த ஊர் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள்

‘சாரம்’ என்ற பெயரில் இரண்டு தொகுதிகள் உண்டு. ஓல்ட் சாரம் ஒன்று. நியூ சாரம் இன்னொன்று. அதுதான் இன்றைய சாலிஸ்பரி நகரம். இரண்டுக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டர் தூரம். இரண்டும் தனித்தனியே இரண்டிரண்டு உறுப்பினர்களை அனுப்பின. ஒரே ஆள் வெவ்வேறு காலங்களில் இரண்டிலும் அமர்ந்திருப்பதால், பழைய ஆவணத்தில் ‘சாரம்’ என்று மட்டும் கண்டால் நின்று பார்க்க வேண்டும்.

இரண்டு சாரம் எப்படி வந்தன என்பதில்தான் முழுக் கதையும் தொடங்குகிறது. ஓல்ட் சாரம் இரும்புக் காலத்து மண்கோட்டை. நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அதற்குள் அரண்மனைக் கோட்டை எழும்பியது. பக்கத்திலேயே ஒரு பேராலயம். பேராலயம் 1092 இல் புனிதப்படுத்தப்பட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் புயல் அதைச் சேதப்படுத்திவிட்டது. அதன் பிறகும் நிம்மதி இல்லை. மேட்டில் ஓயாத காற்று, தண்ணீர்ப் பஞ்சம், கோட்டைப் படையினருக்கும் குருமார்களுக்கும் தீராத சச்சரவு. கடைசியில் குருமார்கள் கீழே ஆற்றங்கரைக்கு இறங்கினார்கள். 1220 இல் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கோயில் போன இடத்துக்குச் சந்தையும் குடியும் போயின. பழைய பேராலயத்தின் கற்களைக்கூடப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள்.

தமிழில் எழுதும்போது அந்தப் பெயர் நம்மைச் சீண்டுகிறது. சாரமெல்லாம் கீழே இறங்கிவிட்டது. மேட்டில் சக்கைதான் மிச்சம்.

படி 2: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை?

ஓல்ட் சாரம் முதலில் உறுப்பினர் அனுப்பியது 1295 இல், முதலாம் எட்வர்டு கூட்டிய நாடாளுமன்றத்துக்கு. கடைசி உறுப்பினர்கள் வெளியேறியது 1832 இல். ஆனால் இடைவெளியே இல்லாமல் 537 ஆண்டுகள் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். 1295 க்குப் பிறகு பல பத்தாண்டுகள் அழைப்பும் பதிலும் விட்டுவிட்டுத்தான் வந்தன. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்துதான் வரிசை சீராகிறது.

இந்த இடைவெளிக்குக் காரணம் தேடுவது நல்ல பயிற்சி. அந்தக் காலத்தில் உறுப்பினரை அனுப்புவது ஊருக்குச் செலவு. பரோவின் உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 2 ஷில்லிங் படி. அதை அனுப்பிய ஊர்தான் கொடுக்க வேண்டும். குடி குறைந்துபோன ஊருக்கு அது சுமை. 1295 இல் முதல் அழைப்பு வந்தபோதே பேராலயம் கீழே போய் இரண்டு தலைமுறை ஆகிவிட்டது என்பதையும் கவனியுங்கள். தேய்ந்துகொண்டிருந்த ஊருக்கு அரசன் கொடுத்த உரிமை அது. ஊர் செத்த பிறகும் உரிமை சாகவில்லை.

படி 3: வாக்கு யாருக்கு என்று கேளுங்கள்

1832 க்கு முன் இங்கிலாந்தில் வாக்குரிமைக்குப் பொதுவான ஒரே விதி கிடையாது. பரோவுக்குப் பரோ வழக்கம் வேறு. சில ஊர்களில் உள்ளூர் வரி கட்டுபவர்கள், சிலவற்றில் நகரின் ‘ஃப்ரீமேன்’ பட்டம் பெற்றவர்கள், சிலவற்றில் நகராட்சி மன்றத்தார் மட்டும். சொந்த அடுப்பில் சமைக்கும் குடும்பத் தலைவனுக்கெல்லாம் வாக்கு என்ற ஊர்களும் இருந்தன. எந்தத் தொகுதியை எடுத்தாலும் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

ஓல்ட் சாரத்தில் இருந்தது ‘பர்கேஜ்’ முறை. பழைய ஊரின் குறிப்பிட்ட சில மனைகளோடு வாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மனையில் வீடு இருக்க வேண்டியதில்லை. மனிதர் குடியிருக்க வேண்டியதுமில்லை. நெல் விளையும் வயலில் ஒரு மூலைக்கு ஓட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நெல்லுக்குப் பதில் கோதுமை, அவ்வளவுதான். கடைசிக் காலத்தில் வாக்காளர்கள் 11 பேர். அத்தனை பேரும் வெளியூர்க்காரர்கள்.

மனைகளை ஒரே பிரபு வாங்கிவிட்டால் என்ன ஆகும்? பர்கேஜ் ஊர்களில் வழக்கமான ஏற்பாடு இதுதான்: தேர்தலுக்கு முன் நம்பிக்கையான சிலர் பெயருக்கு மனைகளை எழுதிக்கொடுப்பார்கள், வாக்களித்து முடிந்ததும் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பினாமி என்ற சொல் நமக்கு இருப்பதால் இதை விளக்கத் தனிப் பத்தி தேவையில்லை.

தேர்தல் நடந்த விதம் இன்னும் வேடிக்கை. மேட்டுக்குக் கீழே வயலில் ஒரு எல்ம் மரம். ‘பார்லிமென்ட் மரம்’ என்றே அதற்குப் பெயர். அதனடியில் தற்காலிகப் பந்தல் போட்டு, அரச ஆணையை வாசித்து, பெயர்களை முன்மொழிந்து, முடித்துவிடுவார்கள். தேர்தல் அதிகாரி அந்தப் பரோவின் ‘பெய்லிஃப்’. அவரும் நிலப்பிரபுவின் ஆள்.

படி 4: நிலத்தைப் பின்தொடருங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. நம்மூரில் வில்லங்கச் சான்றிதழ் எடுப்பதுபோல, மண் கைமாறிய வரிசையை எழுதுங்கள்.

பதினேழாம் நூற்றாண்டில் ஓல்ட் சாரம் செசில் குடும்பத்தின், அதாவது சாலிஸ்பரி பிரபுக்களின் கையில் இருந்தது. 1691 இல் அவர்களிடமிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் பண்ணையையும் அதோடு தொகுதியையும் வாங்கியவர் தாமஸ் பிட். சென்னை வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இது. 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த அதே பிட்தான். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியில்லாமல் வங்காளக் கரையில் வியாபாரம் செய்து கம்பெனியை எரிச்சலூட்டியவர். அடக்க முடியாத ஆளை வேலைக்கு வைத்துக்கொள்வதே மேல் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. 1702 இல் தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டபோது சமாளித்தவர் அவர். 1708 இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்களைக் கம்பெனிக்காகப் பெற்றவரும் அவரே.

அவரை உலகம் ‘வைர பிட்’ என்று நினைவில் வைத்திருக்கிறது. கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் கல்லை ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 48,000 பகோடாவுக்கு வாங்கினார். அப்போதைய மதிப்பில் 20,400 பவுண்டு. லண்டனில் பட்டை தீட்டியபோது சுமார் 141 காரட் தேறியது. 1717 இல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த ஓர்லியான் கோமகனுக்கு 135,000 பவுண்டுக்கு விற்றார். ‘ரீஜென்ட் வைரம்’ என்ற பெயரில் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘வைரம் விற்ற பணத்தில் ஓல்ட் சாரத்தை வாங்கினார்’ என்று பலர் கதை சொல்வார்கள். ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகுதியை வாங்கியது 1691, வைரத்தை வாங்கியது 1702, விற்றது 1717. வைரப் பணம் போனது கார்ன்வாலில் இருந்த போகனாக் பண்ணைக்கு. ஓல்ட் சாரத்தை வாங்கிய காசு அதற்கு முந்தையது: அனுமதியில்லாத இந்திய வியாபாரத்தில் கனத்த பை. கதை சுவையாக இருக்கிறது என்பதற்காகக் காலவரிசையை விட்டுக்கொடுக்கக் கூடாது. உண்மையும் இங்கே சுவையில் குறைந்ததல்ல.

பிட் குடும்பத்தில் தொகுதி ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. மேட்டுக்குக் கீழே உள்ள ஸ்ட்ராட்ஃபோர்ட் கிராமத்துத் தேவாலயக் கோபுரத்தில் தாமஸ் பிட்டின் பெயரும் 1711 என்ற ஆண்டும் இன்றும் தெரிகின்றன. 1802 இல் அவருடைய கொள்ளுப்பேரனின் மகனான இரண்டாம் கேமல்ஃபோர்ட் பிரபு அதைக் காலெடன் பிரபுவுக்கு விற்றார். 60,000 பவுண்டு என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. விவசாய வருமானத்தை மட்டும் பார்த்தால் யாரும் கொடுக்காத விலை. இரண்டு நாற்காலிகளுக்கான விலை.

வாங்கிய காலெடன் யார் என்று பாருங்கள். முழுப்பெயர் டூ ப்ரே அலெக்சாண்டர். தந்தை ஜேம்ஸ் அலெக்சாண்டர் கம்பெனிச் சேவையில் இந்தியாவில் பொருள் சேர்த்து அயர்லாந்தில் பிரபுவானவர். ‘டூ ப்ரே’ என்பது அத்தையின் கணவர் ஜோசயாஸ் டூ ப்ரேயிடமிருந்து வந்த பெயர். அவர் 1770 முதல் 1773 வரை சென்னையின் ஆளுநர். ஆக, ஓல்ட் சாரத்தைச் சென்னை ஆளுநர் ஒருவர் வாங்கினார். நூறாண்டு கழித்து இன்னொரு சென்னை ஆளுநரின் மைத்துனர் மகன் வாங்கினார். வில்ட்ஷயரின் ஆளில்லாத மேட்டுக்கு உரம் போட்டது வங்கக் கடலோரம்.

படி 5: இப்போது பட்டியலை எடுங்கள்

பெயர், தேர்ந்தெடுக்கப்பட்ட நாள், பதவி முடிந்த நாள், முடிந்த காரணம், அப்போது தொகுதியின் உரிமையாளர், உரிமையாளரோடு உறவு என்று ஆறு பத்திகள் கொண்ட அட்டவணை போடுங்கள். கடைசி இரண்டு பத்திகள்தான் பட்டியலை வரலாறாக்கும். நிரப்பும்போது வழுக்கும் இடங்கள் சில:

ஆண்டுக் குழப்பம். 1752 க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஆளுநர் பிட்டின் பேரனும் பின்னாளில் பிரதமரானவருமான வில்லியம் பிட் 1735 பிப்ரவரியில் ஓல்ட் சாரத்துக்குத் தேர்வானார். அக்கால ஆவணத்தில் அது 1734 பிப்ரவரி. சில பதிப்புகள் 1734/5 என்று இரண்டையும் எழுதும். எந்த முறையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை அட்டவணையின் தலையிலேயே குறித்துவிடுங்கள்.

பெயர்க் குழப்பம். இந்தத் தொகுதியில் தாமஸ் பிட் என்று ஒருவர் அல்ல. ஆளுநர் தாமஸ் (1653–1726). அவர் மகன் தாமஸ், பின்னாளில் லண்டன்டெரி பிரபு. பேரன் போகனாக் தாமஸ், 1761 இல் இறந்தவர். அவர் மகன் தாமஸ், முதலாம் கேமல்ஃபோர்ட் பிரபு (1737–1793). அவர் மகனும் தாமஸ், மேலே தொகுதியை விற்றவர் (1775–1804). பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் இவர்கள் மகனுக்கும் அதே பெயரை வைத்துவிடுவதால் பிறப்பு, இறப்பு ஆண்டுகளை அடைப்புக்குள் எழுதாமல் ஒரு வரியும் நகரக் கூடாது. கேமல்ஃபோர்ட் என்பது கார்ன்வாலில் இருந்த இன்னொரு பரோவின் பெயரும்கூட. ஆளுநரின் மூத்த மகன் ராபர்ட் பிட் அதற்கும் உறுப்பினராக இருந்திருக்கிறார்.

இரட்டைத் தேர்வு. ஒரே ஆள் இரண்டு தொகுதிகளில் ஜெயித்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுவது சாதாரணம். 1734 பொதுத் தேர்தலில் போகனாக் தாமஸ் ஓல்ட் சாரத்திலும் ஓக்ஹாம்டனிலும் தேர்வானார். ஓக்ஹாம்டனை வைத்துக்கொண்டார். காலியான ஓல்ட் சாரம் தம்பி வில்லியமுக்குப் போனது. ஆங்கிலேய வரலாற்றின் பெரிய பிரதமர்களில் ஒருவர் சபைக்குள் நுழைந்த வாசல் அண்ணன் மிச்சம் வைத்த நாற்காலி.

நடுவில் விழும் ஓட்டை. ஆளுநர் பிட் 1710 முதல் ஓல்ட் சாரம் உறுப்பினர்; 1716 இல் காணாமல் போகிறார்; 1722 இல் திரும்ப வருகிறார். தோற்றுவிட்டாரா? தன் சொந்த மேட்டில் எப்படித் தோற்பார்! ஜமைக்காவின் ஆளுநராக நியமிக்கப்பட்டதால் இடத்தை விட்டார். ஜமைக்காவுக்குப் போகவே இல்லை. இடையில் தர்ஸ்க் என்ற தொகுதியின் உறுப்பினராக இருந்துவிட்டுத் திரும்பினார். பட்டியலில் எந்த ஓட்டையைக் கண்டாலும் மரணம், பதவி நியமனம், பிரபுப் பட்டம், வேறு தொகுதி என்ற நான்கையும் வரிசையாகச் சரிபாருங்கள்.

பிரபுக்களுக்குத் தனிச் சபை உண்டே என்று, அவர்கள் காமன்ஸ் சபையில் இருப்பதைக் கண்டு பிழை என்று அடித்துவிடாதீர்கள். அயர்லாந்துப் பிரபுக்கள் இங்கிலாந்துத் தொகுதிக்கு உறுப்பினராக இருக்கலாம். லண்டன்டெரி பிரபு அப்படி வந்தவர்.

படி 6: இவர் ஏன் இங்கே அமர்த்தப்பட்டார்?

வாக்காளரைச் சந்திக்கத் தேவையில்லாத தொகுதிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வகை: உரிமையாளரின் உறவினர், உரிமையாளரின் நண்பர், அரசுக்குத் தேவையான திறமைசாலி. மூன்றாம் வகையை மறந்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது எளிது. இந்த முறையை ஆதரித்தவர்கள் அதைத்தான் முன்வைத்தார்கள்: காசில்லாத இளைஞன் வில்லியம் பிட் வேறு எந்த வழியில் இருபத்தாறு வயதில் சபைக்குள் வந்திருப்பான்? அந்த வாதத்தைக் கேட்டுவிட்டுத்தான் மறுக்க வேண்டும். ஒரு பிட் வந்த வழியில் வந்த மற்றவர்களின் பெயர்களை யாரும் சொல்வதில்லை என்பது என் பதில்.

1801 ஒரு தனி நாடகம். இரண்டாம் கேமல்ஃபோர்ட் பிரபு சண்டைக்காரர்; பின்னாளில் துப்பாக்கிச் சண்டையிலேயே செத்தவர். அரசாங்கத்தைச் சீண்டுவதற்காக ஜான் ஹார்ன் டூக் என்பவரைத் தன் தொகுதியில் நிறுத்தினார். டூக், தேர்தல் சீர்திருத்தம் கேட்டுப் போராடியவர். 1794 இல் தேசத்துரோக வழக்கில் நின்று விடுதலையானவர். அழுகிய தொகுதிகளை ஒழிக்கச் சொன்னவர் அழுகிய தொகுதிகளின் ராஜா வழியாக உள்ளே வந்தார். ஒருகாலத்தில் பாதிரியாராக இருந்தவர் என்ற காரணத்தைப் பிடித்துக்கொண்டு, குருமார்கள் சபையில் உட்காரக் கூடாது என்று அதே ஆண்டில் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டமும் டூக்கை உடனே வெளியேற்றவில்லை. 1802 இல் சபை கலையும் வரை இருந்தார்.

காலெடன் காலத்தில் நிக்கலஸ் வான்சிட்டார்ட் 1802 முதல் 1812 வரை அமர்ந்தார்; 1812 இல் நிதியமைச்சரானவர். பெயர்பெற்ற தூதர் ஸ்ட்ராட்ஃபோர்ட் கேனிங் 1828 முதல் 1830 வரை. 1832 இல் கதவைச் சாத்திவிட்டுப் போன கடைசி இருவர் ஜேம்ஸ் அலெக்சாண்டர், ஜோசயாஸ் டூ ப்ரே அலெக்சாண்டர். இருவரும் உரிமையாளரின் சொந்தக்காரர்கள். பெயரிலேயே சென்னை ஆளுநர்.

படி 7: அக்காலத்தவர் பேச்சைப் படியுங்கள், ஆனால் சலித்து எடுங்கள்

தத்துவஞானி ஜான் லாக் தன் அரசியல் நூலில் பெயர் சொல்லாமல் இப்படி ஓர் ஊரைக் காட்டுகிறார்: இடிபாடுகூட மிஞ்சாத, ஆட்டுப்பட்டிக்கு மேல் கட்டடமோ இடையனுக்கு மேல் குடியோ இல்லாத ஊர், ஒரு முழு மாவட்டத்துக்குச் சமமாக உறுப்பினர்களை அனுப்புகிறது என்று. அந்த ஊரின் தயவில் சபைக்கு வந்த வில்லியம் பிட்டே, 1766 இல் இத்தகைய தொகுதிகளை அரசமைப்பின் அழுகிய பகுதி என்றார். தானாக உதிராவிட்டால் வெட்டியெறிய வேண்டும் என்றார். ஏறிய ஏணியை அழுகல் என்று சொல்லவும் துணிச்சல் வேண்டும். முதலாம் கேமல்ஃபோர்ட் பிரபு, பட்டம் பெறுவதற்கு முன், 1783 சீர்திருத்த விவாதத்தில் தன் தொகுதியையே விட்டுக்கொடுக்க முன்வந்தார். பத்திரிகையாளர் வில்லியம் காபெட் இந்த மேட்டைச் ‘சபிக்கப்பட்ட குன்று’ என்றே அழைத்தார்.

இரண்டாம் கேமல்ஃபோர்ட் பிரபு தன் கறுப்பினப் பணியாளரை உறுப்பினராக்குவேன் என்று மிரட்டியதாகவும் ஒரு கதை உலவுகிறது. எழுதலாம், ஆனால் கதை என்ற அடைமொழியோடு எழுதுங்கள்.

படி 8: முடிவை ஆவணத்தில் பாருங்கள்

1831 மார்ச் 1 அன்று ஜான் ரஸ்ஸல் பிரபு சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் பிரதிநிதித்துவத்தைப் பார்க்க வரும் ஒரு வெளிநாட்டானை, இரண்டு உறுப்பினர் அனுப்பும் பச்சை மேட்டுக்கு அழைத்துப்போனால் என்ன நினைப்பான் என்று அவர் சபையைக் கேட்டார். இரண்டாம் வாசிப்பு 302 க்கு 301 என்று ஒரே வாக்கில் நிறைவேறியது. எந்தப் பக்கம் எந்த மேட்டின் உறுப்பினர் வாக்களித்தார் என்று தேடினால் பொழுதுபோவது தெரியாது.

1832 ஜூன் 7 அன்று சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. 56 தொகுதிகள் முழுவதுமாக ஒழிக்கப்பட்டன. அவற்றை அடுக்கிய ‘ஏ’ அட்டவணை அகரவரிசையில் இல்லை. வீடுகளின் எண்ணிக்கையையும் வரியையும் வைத்து தாமஸ் டிரம்மண்ட் என்ற ராணுவப் பொறியாளர் போட்ட கணக்கின்படி, மிக அற்பமானது முதலில். அந்த அட்டவணையின் முதல் பெயர் ஓல்ட் சாரம்.

படி 9: இங்கிருந்தபடியே எங்கே தேடுவது?

முதலில் 1878 இல் நாடாளுமன்றம் அச்சிட்ட உறுப்பினர் பட்டியல். பெயர், தேதி மட்டும் இருக்கும், எலும்புக்கூடு அது. சதைக்கு ‘ஹிஸ்டரி ஆஃப் பார்லிமென்ட்’ அமைப்பின் தளம். தொகுதிக் கட்டுரையும் உறுப்பினர் வாழ்க்கைக் குறிப்பும் தனித்தனியே, இலவசமாகக் கிடைக்கின்றன. தொகுதிக் கட்டுரையை முதலில் படியுங்கள். நிலத்தின் வரலாற்றுக்கு மாவட்ட வரலாற்று வரிசையான ‘விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரி’யின் வில்ட்ஷயர் நூல்கள். தேர்தல் ஆணையும் அதற்கு வந்த பதிலும் மூலமாகவே வேண்டும் என்றால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி 219 என்ற வரிசை.

நமக்கு இருக்கும் கூடுதல் வசதி எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பிட் ஆளுநராக இருந்த காலத்து கோட்டை நாட்குறிப்புகளும் ஆலோசனைக் குறிப்புகளும் அச்சுப் புத்தகங்களாக வந்திருக்கின்றன. வில்ட்ஷயரில் நிலம் வைத்திருந்தவர் சென்னையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நாள்வாரியாகப் படிக்கலாம். இங்கிலாந்து ஆய்வாளர்கள் பலர் எட்டிப் பார்க்காத பக்கம் இது.

நேரில் போக வாய்ப்பிருந்தால், மேடு ‘இங்கிலீஷ் ஹெரிடேஜ்’ பராமரிப்பில் இருக்கிறது. பேராலயத்தின் அடித்தள வடிவம் புல்லில் தெரியும். பார்லிமென்ட் மரத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிவிட்டார்கள்.

ஓல்ட் சாரம் முடிந்ததும் இதே படிகளோடு வில்ட்ஷயரிலேயே உள்ள கிரிக்லேடுக்குப் போங்கள். 1780 இல் அதன் உறுப்பினரானவர் பால் பென்ஃபீல்ட். ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர். அங்கே வாக்காளர்கள் உண்மையான மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் விலை உண்டு. நிலப் பத்திரம் அங்கே உதவாது, கணக்குப் புத்தகத்தைத்தான் தேட வேண்டும்.